பலகை போட்டுத் தேக்கிய குளம்: மிசௌரி ஈரநிலத்தில் மார்ச் முதல் டிசம்பர் வரை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசௌரி ஆற்றின் வெள்ளச் சமவெளியில், கொலம்பியா நகரிலிருந்து காரில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு பொது வனவிலங்குப் பகுதியில், ஏறத்தாழ 40 ஏக்கர் குளம் ஒன்றின் மதகைச் சரிசெய்து, அதன் நீர்மட்டத்தை ஒரு பருவம் முழுவதும் கவனித்து, கடைசியில் அதே குளத்தில் வாத்து வேட்டைக்கும் உட்கார்ந்தேன். நான் அங்கே தன்னார்வலன் மட்டுமே. முடிவுகள் பகுதி மேலாளருடையவை. ஒரே ஒரு முறை அவர் பதிலுக்குக் காத்திராமல் நானே முடிவெடுத்தேன், அதன் விளைவையும் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்த மதகு எளிமையானது. கரையின் உள்பக்கம் ஒரு கான்கிரீட் தொட்டி, அதன் முகப்பில் எதிரெதிராக இரண்டு இரும்புக் காடிகள், அந்தக் காடிகளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி வைத்த மரப் பலகைகள். மேல் பலகையைத் தாண்டி வழியும் நீர் தொட்டிக்குள் விழுந்து, கரைக்கு அடியில் புதைத்த நெளிதகட்டுக் குழாய் வழியாக வடிகாலுக்குப் போய்விடும். எத்தனை பலகை நிற்கிறதோ அதுதான் குளத்தின் மட்டம். வாய்க்கால் மதகில் பலகை போட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த திருவாரூர்க்காரனுக்கு, இதில் புரியாத பாகம் எதுவும் இல்லை.

மார்ச் மாதம் பனிக்கட்டி உருகி முடிந்ததும் அளவுகோலில் பார்த்தபோது, மேல் பலகை வழியாக ஒரு சொட்டும் வழியாத நிலையிலும் குளம் நாளொன்றுக்கு ஓர் அங்குலம் இறங்கிக்கொண்டிருந்தது. மார்ச் மாதக் குளிரில் அவ்வளவு நீர் ஆவியாகாது. தொட்டிக்குள் விளக்கடித்துப் பார்த்தால், அடியில் இருந்த மூன்று பலகைகளின் ஓரங்கள் மக்கி, இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி தெரிந்தது. இரும்புக் காடிக்குள் துரு செதில் செதிலாகப் பெருத்திருந்ததால், மேலே இருந்த நல்ல பலகைகளும் காடியின் முகத்தோடு ஒட்டாமல் சாய்ந்து நின்றன.

இந்த வேலையில் முதலில் பயப்பட வேண்டியது நீரின் அழுத்தத்திற்குத்தான். மதகருகே ஆழம் 3 அடி, திறப்பின் அகலம் 4 அடி. ஒரு கன அடி நீரின் எடை 62.4 பவுண்டு என்று வைத்துக் கணக்கிட்டால், பலகைச் சுவரின் மேல் 1,100 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ அரை டன் தள்ளுவிசை இருக்கிறது. அதனால் கையை உள்ளே விடாமல், நீண்ட கழியில் பொருத்திய கொக்கியால் மட்டுமே பலகையைத் தொடுவது என்று முடிவுசெய்தோம். பிறகு முக்கால் அங்குல ஒட்டுப்பலகை ஒன்றைக் கீழ் ஓரத்தில் சங்கிலி கட்டி எடை ஏற்றி, குளத்துப் பக்கமாக மதகின் முகத்தை ஒட்டி இறக்கினோம். அது உரிய இடத்துக்கு வந்ததும் நீரே அதைக் கான்கிரீட்டோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது. வெளியேறும் நீர் நின்றது. தொட்டிக்குள் ஏணி வைத்து இறங்கி, காடியிலிருந்த துருவை உளியால் உரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு அடிக்க ஒன்றரை நாள் ஆனது.

புதிய பலகைகளுக்கு உள்ளூர் மர அறுவை ஆலையில் வெள்ளை ஓக் மரம் வாங்கினேன். நீரில் நிற்பதற்கு ஏற்ற மரம் அது. மரம் ஊறும்போது நீளவாக்கில் பெரிதாக வளராது; அகலத்திலும் தடிமனிலும்தான் பெருக்கும். ஆகவே காய்ந்த பலகைகளை அடுக்கும்போது இடையில் தெரியும் கீற்று ஒளியைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. நீரில் ஊறியதும் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். அப்படியும் ஒவ்வொரு பலகையின் கீழ் விளிம்பிலும் ஒரு ரப்பர் பட்டையை அறைந்தேன். மீதிக் கசிவுக்கு இங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் சொல்லித் தந்த வழி அடுப்புச் சாம்பல். ஒட்டுப்பலகையை எடுத்த பிறகு, மதகின் முகப்பில் நீருக்குள் இரண்டு வாளி விறகுச் சாம்பலை மெதுவாகக் கொட்டினால், கசியும் நீரே அதை இழுத்துப்போய் இடுக்குகளில் திணித்து அடைத்துவிடுகிறது. தொட்டிக்குள் கேட்டுக்கொண்டிருந்த சலசலப்பு சிறிது சிறிதாகத் தேய்ந்து, கால் மணி நேரத்தில் சொட்டுச் சத்தமாக மாறியது.

நான் முழு மனதோடு பரிந்துரைக்கும் மாற்றம் ஒன்று இருக்கிறது. பழைய அடுக்கில் எல்லாமே ஐந்தரை அங்குலப் பலகைகள். ஒன்றை எடுத்தால் 40 ஏக்கரிலும் ஐந்தரை அங்குலம் இறங்கும். அதைவிடக் குறைவாக இறக்க வழி கிடையாது. புதிய அடுக்கில் அடியில் மட்டும் ஐந்தரை அங்குலத்தில் மூன்று வைத்து, அதன்மேல் மூன்றரை அங்குலத்தில் நான்கும், எல்லாவற்றுக்கும் மேலே ஒன்றரை அங்குலத்தில் மூன்றும் வைத்தோம். மொத்தம் 35 அங்குலம். மதகு இருக்கும் இடம் கரையோரப் பள்ளம் என்பதால், குளத்தின் தட்டையான தரை வெளிப்படுவதற்கு மேலுள்ள ஏழு சிறிய பலகைகளை எடுத்தாலே போதும். அந்தப் பதினெட்டரை அங்குலத்துக்குள்தான் ஓர் ஆண்டின் முழு வேலையும் நடக்கிறது.

இந்த முறைக்கு ஈரமண் மேலாண்மை என்று பெயர். வாத்துகளுக்கென்று தனியாகப் பயிரிடாமல், வசந்தத்தில் நீரை வடித்து, சேற்றில் ஏற்கெனவே கிடக்கும் விதைகளை முளைக்க விட்டு, இலையுதிர் காலத்தில் அந்தச் செடிகளின் மேல் மீண்டும் நீரை ஏற்றுவது. இதே மிசௌரியின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களில் பல ஆண்டு ஆய்வு செய்த லீ ஃப்ரெட்ரிக்சன், டெய்லர் என்பவருடன் சேர்ந்து 1982-இல் வெளியிட்ட கையேடுதான் இன்றும் பலருக்கு அடிப்படை. எப்போது வடிக்கிறோம், எவ்வளவு மெதுவாக வடிக்கிறோம் என்ற இரண்டையும் பொறுத்தே என்ன முளைக்கும் என்பது அமைகிறது. பருவத்தின் தொடக்கத்தில் வடித்தால் ஆற்றலரி இனச் செடிகள் மிகுதியாக வரும்; சற்றுத் தள்ளி வடித்தால் குதிரைவாலி இனப் புற்கள் மேலோங்கும். விரைந்து வடித்தால் மண் காய்ந்து, வேண்டாத களைகளுக்கு வழி திறந்துவிடும்.

ஏப்ரல் 20 அன்று முதல் ஒன்றரை அங்குலப் பலகையை எடுத்தேன். அதன்பின் நான்கைந்து நாளுக்கு ஒன்று. ஒவ்வொரு முறையும் குளத்தின் விளிம்பில் புதிதாக ஒரு பட்டை சேறு வெளியே வந்தது. மறுநாள் காலையே அதில் உள்ளான்கள் குனிந்து குனிந்து குத்திக்கொண்டிருந்தன. தென் அமெரிக்காவிலிருந்து வடதுருவப் பக்கம் போகும் வழியில் இறங்கும் மஞ்சள்கால் உள்ளான்களுக்கு, இந்த ஒரு சாண் சேற்றில் நெளியும் புழுக்கள்தான் பயண உணவு. நீரை ஒரேயடியாக வடித்தால் அந்தச் சேறும் ஒரேயடியாகக் காய்ந்துவிடும். மெதுவாக வடித்தால் மூன்று நான்கு வாரத்துக்கு நாள்தோறும் புதுச் சேறு கிடைக்கும். வேட்டைக்காகச் செய்யும் வேலை, இங்கே யாரும் வேட்டையாடாத பறவைக்கு இப்படி உதவுவதைப் பார்ப்பது எனக்கு அந்த மாதத்தின் பெரிய மகிழ்ச்சி.

மே நடுவில் தவறு செய்தேன். மூன்றரை அங்குலப் பலகைகள் இரண்டு மீதியிருந்தபோது, நான்கு நாள் கனமழை வரும் என்று வானிலை அறிவிப்பு சொன்னது. மழை நீருக்கு இடம் விட வேண்டும் என்று எண்ணி, மேலாளருக்குத் தகவல் அனுப்பிவிட்டு, அவர் பதில் வருவதற்குள் இரண்டையும் சேர்த்து எடுத்துவிட்டேன். மழை வடக்கே ஒதுங்கிப் போய்விட்டது. தெற்கிலிருந்து வெப்பக் காற்று அடித்தது. குளத்தின் மேற்குப் பகுதி, ஏறத்தாழ கால் பங்கு, மூன்றே நாளில் வெடித்துக் கிடந்தது. மெதுவாக வடிந்த கிழக்குப் பகுதியில் ஆற்றலரியும் குதிரைவாலியும் பாய் விரித்தாற்போல முளைத்தன. மேற்கில் முளைத்தது பெரும்பாலும் மருளூமத்தை. துணியில் ஒட்டும் அந்த முள்காய் வாத்துக்கு உணவாகாது. வளர விட்டால் நல்ல செடிகளுக்கு நிழலாக நின்று அவற்றையும் அழித்துவிடும். மேலாளர் கடிந்துகொள்ளவில்லை. இனி அறிவிப்பை நம்பாமல் மழைமானியை நம்பும்படி மட்டும் சொன்னார். அதை என் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் மாதம் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். நாற்பது ஆண்டு நெல் விவசாயம் செய்தவர். குளத்துக்குள் இறங்கியதும் ஒரு புல்லைப் பிடுங்கி, இலை தண்டைத் தழுவும் இடத்தை விரலால் பிரித்துக் காட்டினார். நெல்லாக இருந்தால் அந்த இடத்தில் மெல்லிய நாக்கு போன்ற ஒரு சவ்வு இருக்கும். இதில் அது இல்லை, வழுவழுவென்று இருந்தது. நடவு முடிந்த வயலில் நெல்லையும் களையையும் பிரித்தறிய அவர் எனக்குப் பத்து வயதில் சொல்லித் தந்த அதே அடையாளம். "தம்பி, இதைப் பிடுங்கிப் போடத்தானே நாம ஆள் விட்டோம். நீ இங்க வளர்க்கிறியா?" என்று கேட்டார். நாங்கள் கூழுக்குப் பயன்படுத்தும் குதிரைவாலியும், நம் நெல்வயலின் களையும், மிசௌரிச் சேற்றில் தானாக முளைக்கும் இந்தப் புல்லும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நம் களை இங்கே வாத்துகளின் தானியம் என்று விளக்கியதும், கதிரை உள்ளங்கையில் கசக்கி ஊதிப் பார்த்து, மணி திரண்டிருக்கிறது என்றார்.

மருளூமத்தையை ஒழிக்க மேலாளர் தேர்ந்தெடுத்த வழி மூழ்கடிப்பது. களை மூன்று நான்கு அங்குல உயரத்தில் இருக்கும்போது அதன் நுனி முழுவதும் மூழ்கும் அளவுக்கு நீர் ஏற்ற வேண்டும். குதிரைவாலியின் நுனி மட்டும் நீருக்கு வெளியே நிற்க வேண்டும். குதிரைவாலி வேரில் நீர் நின்றாலும் தாங்கும், மருளூமத்தை தாங்காது. ஒன்றரையும் மூன்றரையுமாக இரண்டு பலகைகளைத் திரும்பப் போட்டு, பகுதியின் பம்ப் மூலம் நீர் விட்டோம். மூன்றாம் நாள் களையின் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. உடனே நீரை வடித்தோம். ஒரு நாள் கூடுதலாக நிறுத்தினாலும் நல்ல செடிக்கும் கேடு. மேற்கில் முக்கால்வாசி களை போயிற்று.

அந்த மூன்று நாளுக்குள்தான் கரையின் பழுதும் வெளிப்பட்டது. கண்டுபிடித்தவர் அப்பா. நான் மதகையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் நடந்துபோய், சுற்றிலும் வாடியிருந்த புல்லுக்கு நடுவே ஒரு முழ நீளத்துக்குக் கரும்பச்சையாக நின்ற இடத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் அழுத்தினார். மண் குழைந்தது. "கரைக்கு வெளியே ஈரமா இருக்கு பாரு தம்பி. உள்ள வளை இருக்கு." நம் வரப்பில் நண்டு செய்யும் வேலையை இங்கே மஸ்க்ராட் என்னும் நீர்க்கொறி விலங்கு செய்கிறது. நீருக்கு அடியில் வாசல் வைத்து, கரைக்குள் மேல்நோக்கிக் குடைந்து, நீர்மட்டத்துக்கு மேலே உலர்ந்த அறை அமைத்துக்கொள்ளும். நீர் உயர்ந்தால் அறையையும் இன்னும் மேலே குடையும். நாங்கள் நீர் ஏற்றியதும் அந்தப் பழைய வளை வழியாகக் கசிவு தொடங்கியிருந்தது.

நீர் வடிந்த பிறகு மேலாளர் சிறிய தோண்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். வாயை மட்டும் அடைத்தால் பயனில்லை. வளை போகும் வழியெல்லாம் திறக்க வேண்டும். கரையின் பாதி அகலம் வரை வெட்டிய பிறகே அறையின் முடிவு தெரிந்தது. உள்ளே கோரைத் தண்டுகள் மெத்தைபோல் கிடந்தன. களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து அடைக்கலாம் என்று அப்பா சொன்னார். ஒரு போகத்துக்கு நிற்க வேண்டிய வரப்புக்கு அது நல்ல வழி. ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டிய கரையில், வைக்கோல் மக்கிய இடமே நீருக்கு வழியாகிவிடும் என்று மேலாளர் விளக்க, நான் இருவருக்கும் நடுவில் மொழிபெயர்த்தேன். அப்பா சற்று யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். களிமண்ணை ஆறு அங்குலக் கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு மட்டும் நனைத்து, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்த பிறகே அடுத்ததைப் போட்டோம். எந்த அடுக்கு போதுமான அளவு இறுகியிருக்கிறது என்பதை அப்பாவின் குதிகால் சொன்னது.

ஆகஸ்டில் ஓரங்களில் தலைகாட்டிய வில்லோ கன்றுகளைத் தட்டுக் கலப்பையால் உழுது மடக்கினோம்; விட்டுவைத்தால் ஓரிரு ஆண்டில் குளம் புதர்க்காடாகிவிடும். பறவைகள் இறங்கத் திறந்த இடம் வேண்டும் என்பதற்காகச் செடிகளுக்கு நடுவே சில பட்டைகளை வெட்டிச் சாய்த்தோம். இதில் சட்டம் நுணுக்கமானது. தானாக முளைத்த இயற்கைச் செடியை வெட்டிச் சாய்த்துவிட்டு அதன்மேல் வேட்டையாடலாம். மனிதர் விதைத்த தானியத்தை அப்படிச் சாய்த்துவிட்டு வேட்டையாடினால் அது இரை தூவி ஏமாற்றிய குற்றம். விதைத்த குதிரைவாலி கூட இரண்டாவது வகையில்தான் சேரும். அடுத்தடுத்த ஆண்டுகளில் அதுவே தானாக முளைத்தால் மட்டும் இயற்கைச் செடியாகக் கருதப்படும். பொதுநிலத்தில் வேலை செய்கிறவர் இதைத் தெரியாமல் ஒரு பட்டை கூட வெட்டக் கூடாது.

செப்டம்பரில் நீலச்சிறகுக் கிளுவை வாத்துகள் முதலில் வந்தன. அதே வாரம், அணை கட்டும் கொறிவிலங்கான பீவர் ஒன்று நெளிதகட்டுக் குழாயின் வாயைக் குச்சியும் சேறுமாக அடைத்துவிட்டது. ஓடும் நீரின் ஓசை கேட்டால் அது அடைக்காமல் விடாது. கொக்கியால் இழுத்து எடுத்து, மதகுக்கு முன்னே கம்பிவலைக் கூண்டு வைத்தபின் தொல்லை குறைந்தது.

அக்டோபரில் வடித்த வரிசையைத் தலைகீழாக்கி ஏற்றினோம். தலைகீழாக நின்று மேயும் வாத்துகளுக்கு நான்கிலிருந்து பத்து அங்குல நீர்தான் தோதானது. அதைவிட ஆழமானால் விதை இருந்தும் எட்டாது. ஆகவே முதலில் தாழ்ந்த இடம் மட்டும் நனையும்படி ஏற்றி, பத்து நாளுக்கு ஒரு சிறு பலகை சேர்த்து, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு பட்டை விதை நிலம் நீருக்குள் வரும்படி செய்தோம். மூன்றாவது பலகை போட்ட வாரத்தில் ஊசிவால் வாத்துகள் இறங்கின. கோடியக்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும் அதே இனம்தான். பாதைகள் மட்டும் வேறு.

ஊரில் என்னிடம் எல்லாரும் கேட்பது, காப்பாற்றுகிறவன் எப்படிச் சுடுகிறான் என்பதுதான். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குச் சட்டமும் அதன் 1991 திருத்தமும் வேட்டையை மூடிவிட்டன. இத்தனை மக்கள் நெருக்கத்தில் அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இங்கே வேறு பாதை. சந்தைக்காகச் சுட்டுக் குவித்த காலத்தை 1918-இன் வலசைப் பறவைச் சட்டம் முடித்துவைத்தது. 1934 முதல், 16 வயது நிரம்பிய வாத்து வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் கூட்டரசின் வாத்து முத்திரை என்னும் அனுமதி வில்லையை வாங்க வேண்டும். அன்று ஒரு டாலர், 2015 முதல் 25 டாலர். அந்தப் பணம் ஈரநிலம் வாங்கப் போகிறது. 1937-இன் சட்டப்படி நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 விழுக்காடு வரி, வனவிலங்குப் பணிக்கே. மிசௌரி மக்கள் 1976-இல் வாக்களித்து, விற்பனை வரியாக ஒரு விழுக்காட்டின் எட்டில் ஒரு பங்கை மாநில இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு ஒதுக்கினார்கள். தன் ஈரநிலத்தில் 87 விழுக்காட்டை 1980-களுக்குள் இழந்துவிட்ட மாநிலம் இது. மீதியைக் காக்கும் பணத்தில் என் பங்கும் இருப்பதை நான் பெருமையாகவே கருதுகிறேன்.

நவம்பர் இறுதியில் ஒரு காலை, விடிய இரண்டு மணி நேரம் முன்பே குலுக்கலுக்கு நின்றேன். பொதுநிலம் என்பதால் யார் எங்கே அமர்வது என்பதைச் சீட்டு தீர்மானிக்கும். குளத்தில் வேலை செய்தவருக்குச் சலுகை கிடையாது, இருக்கவும் கூடாது. என் முறை வந்தபோது எங்கள் குளம் மீதியிருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய கறுப்பு லாப்ரடாரும் துணை வந்தார்கள். மார்பு வரை வரும் ரப்பர் காலுடையில் நடந்து, பதினெட்டு போலி வாத்துகளை மிதக்கவிட்டு, ஆற்றலரிப் புதருக்குள் அமர்ந்தோம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்புதான் முதல் குண்டு சுடலாம். துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. ரவை எஃகு போன்ற நஞ்சற்ற பொருளாக இருக்க வேண்டும். முன்பு சேற்றில் விழுந்த ஈய ரவைகளை வாத்துகள் கற்பொடி என்று விழுங்கி நஞ்சேறி இறந்ததால், 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

ஒருவருக்கு ஆறு வாத்து வரை அனுமதி. அதில் மல்லார்டு என்னும் இனத்தில் நான்கு, அந்த நான்கில் பெட்டை இரண்டு மட்டுமே. நான் இரண்டு ஆண் மல்லார்டும் ஒரு பச்சைச்சிறகுக் கிளுவையும் சுட்டுவிட்டு நிறுத்திக்கொண்டேன். தொலைவில் போன கூட்டங்களுக்குச் சுடவில்லை. காயப்பட்ட பறவை கோரைக்குள் மறைந்தால், அது நாம் செய்த தீங்கு. விழுந்த மூன்றையும் நாய் கொண்டுவந்து சேர்த்தது.

வீட்டில் சுத்தம் செய்தபோது முதல் மல்லார்டின் உணவுக்குழாய் முழுவதும் புடைத்திருந்தது. கீறி வெள்ளைத் தட்டில் கொட்டினேன். கறுத்துப் பளபளக்கும் தட்டையான ஆற்றலரி விதைகள் பாதிக்கு மேல், வெளிர்பழுப்பில் குதிரைவாலி மணிகள், இரண்டு சிறு நத்தைகள். மருளூமத்தை ஒன்றும் இல்லை. தட்டைப் படமெடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

டிசம்பர் நடுவில் குளம் உறைவதற்கு முன் கடைசியாக மதகைப் பார்த்தேன். பத்துப் பலகைகளும் நிமிர்ந்து நின்றன. தொட்டிக்குள் நிமிடத்துக்கு ஏழு சொட்டு. மேற்குப் பகுதியை வரும் வசந்தத்தில் எல்லாவற்றுக்கும் கடைசியாக வடிக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். அன்றிரவு தொலைபேசியில் அப்பா வாத்தைப் பற்றிக் கேட்கவில்லை. கரையின் வெளிப்பக்கம் காய்ந்திருக்கிறதா என்று கேட்டார். காய்ந்திருந்தது.